பாஸ்டரும் பீர்ப் பீப்பாயும்

மலருக்கு ஓர் அறிஞரைப் பற்றி எழுது என்று யூனியனில் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் லூயி பாஸ்டர்தான். வெறிநாய்க்கடி ஊசி, பாலைச் சூடாக்கிக் கெடாமல் வைப்பது, இந்த இரண்டையும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதையே திருப்பி எழுதி இரண்டு பக்கத்தை வீணாக்க எனக்கு மனசில்லை. நான் சொல்லப் போவது பாஸ்டரும் பீரும் பற்றிய கதை. (ஹாஸ்டல் நண்பர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். கதை முழுக்கப் பாத்திரம் கழுவுவதைப் பற்றியதுதான்!)

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸ் நாட்டின் ஜூரா பகுதியில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நெப்போலியனின் படையில் சார்ஜென்டாக இருந்துவிட்டு வந்து தோல் பதனிட்டுப் பிழைத்தவர். பையனுக்குப் படம் வரைவதில்தான் ஆசை, நன்றாகவும் வரைந்தார். 1842-ல் அறிவியல் பரீட்சையில் தேறினாரே தவிர, வேதியியலில் அவருக்குக் கிடைத்த மதிப்பீடு வெறும் சுமார். அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளலாம். அதே வருஷம் பாரிஸின் எக்கோல் நார்மால் நுழைவுத் தேர்விலும் தேறினார். ஆனால் கிடைத்த ரேங்க் பிடிக்கவில்லை என்று சேராமல் விட்டு, மறுபடி படித்து எழுதி, 1843-ல் மேலே வந்து சேர்ந்தார். அதுதான் பாஸ்டர்!

1854-ல் லில் நகரத்தில் அறிவியல் பிரிவின் தலைவரானார். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. 1856-ல் அவரிடம் படித்த ஒரு மாணவனின் தகப்பனார் பிகோ என்பவர் கவலையோடு வந்தார். பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் அவருடைய தொட்டிகள் சில புளித்துப் போய் நஷ்டமாகிக்கொண்டிருந்தன. பாஸ்டர் ஆலைக்கே போய்ச் சாம்பிள் எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட். கெட்ட தொட்டியில் அதைவிட மிகச் சின்னதாகக் குச்சிகுச்சியாக வேறு ஏதோ. ஆக, நொதித்தல் என்பது உயிருள்ள ஒன்றின் வேலை. வேறு உயிர் உள்ளே நுழைந்தால் வேறு சரக்குதான் வரும் என்று அவருக்குப் பிடிபட்டது.

சரி, அந்த வேறு உயிர் எங்கிருந்து வருகிறது? தானாகவே முளைக்கிறது என்று அன்றைக்குப் பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள். 1860-ல் பாஸ்டர் கொதிக்க வைத்து மூடிய குடுவைகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். ஆல்ப்ஸ் பனிமலையில் 20 குடுவைகளைத் திறந்து மூடியதில் கெட்டது ஒன்றே ஒன்று. கீழே ஜூரா அடிவாரத்தில் 20-க்கு 8 கெட்டன. இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குகூட இல்லை. குடுவையின் கழுத்தை உடைக்கும் இடுக்கியை ஒவ்வொரு தடவையும் தீயில் காட்டிவிட்டுத்தான் கிட்டே கொண்டு போனார் பாருங்கள், அதுதான். குடுவைக்குள் இருப்பது சுத்தம், சரி; அதைத் தொடும் கருவி சுத்தமா? இந்தக் கேள்வியை அவர் கடைசி வரைக்கும் விடவில்லை.

அந்த வருஷங்களில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1859-ல் மூத்த மகள் ஜான் டைபாய்டில் போனாள். 1865-ல் இரண்டு வயதுக் கமீய். 1866-ல் செசீல், அவளும் டைபாய்டில்தான். அவருடைய ஐந்து பிள்ளைகளில் மிஞ்சியது ஒரு மகனும் ஒரு மகளும்தான். 1868-ல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முடங்கியது. அப்போது அவருக்கு வயது 45. அதற்குப் பிறகு நுணுக்கமான கைவேலை எல்லாம் உதவியாளர்கள் பாடு.

இனி பீருக்கு வருவோம். 1870-ல் ஜெர்மானியருடன் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது; அல்சாஸும் லொரேனில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போயின. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் தமக்குத் தந்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தைப் பாஸ்டர் 1871 ஜனவரியில் திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு ஆறவில்லை. ஜெர்மன்காரர்கள் எதில் கெட்டிக்காரர்களோ அதிலேயே ஒரு கை பார்ப்பது என்று பீரை எடுத்துக்கொண்டார். கிளெர்மான்-ஃபெரான் நகரில் தம் சீடர் டுக்ளோ வீட்டில் தங்கி, பக்கத்து ஷமாலியேர் என்ற ஊரிலிருந்த ஒரு சின்ன பீர் ஆலையில் வேலையைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால் மனுஷருக்குப் பீரில் ருசி கிடையாது. ஒரு பீருக்கும் இன்னொரு பீருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாமல், நண்பர் பெர்தேனிடம் கிண்டல் வாங்குவாராம்.

பீர் செய்வதில் ஒரு விசித்திரம் உண்டு. முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைக்கிறார்கள். அந்த நேரத்தில் அது ஏறக்குறையக் கிருமியற்ற திரவம். அப்புறம்தான் வம்பு! ஆற வைக்க அகலத் தட்டில் திறந்து ஊற்றுவார்கள். குழாய், மரத்தொட்டி, பீப்பாய், முந்தின தடவை எடுத்து வைத்த ஈஸ்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஏறிக்கொள்ளும். கொதிக்க வைத்ததெல்லாம் வீண். பாஸ்டர் சொன்ன வழி: மூடிய கலத்தில் ஆற வை, உள்ளே போகும் காற்றைத் தூசு வடிகட்டி அனுப்பு, சுத்தமான ஈஸ்டைப் போடு.

1871 செப்டம்பரில் லண்டன் போனார். விட்பிரெட் என்ற மாபெரும் பீர் ஆலை. போர்ட்டர் வகைப் பீரின் ஈஸ்டிலிருந்து கொஞ்சம் கேட்டு வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஈஸ்டுக்கு நடுவே நீள நீளமான கெட்ட இழைகள். இந்தப் பீர் சரியாக வந்திருக்காதே என்று நிர்வாகிகளிடமே சொல்லிவிட்டார். அந்நியர், அதுவும் பீர் ருசி தெரியாதவர்! ஆனால் அவர்கள் மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஈஸ்ட் சரியில்லை என்று அன்று காலையில்தான் வேறு ஆலையிலிருந்து புதிதாக வரவழைத்திருந்தார்களாம். ஒரு வாரத்துக்குள் அவர் மறுபடி போனபோது ஆலையில் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்.

மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பழக்கம் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பெரிய கண்டமே புட்டியில் அடைக்கும் நாள்தான். காஸ் உண்டாவதற்குச் சிறிது சர்க்கரை சேர்த்து, உயிருள்ள ஈஸ்டோடு அடைக்கிறார்கள். ஆகவே பீரைச் சுட வைக்க வழியில்லை, ஈஸ்ட் செத்துவிடும். மிச்சம் இருப்பது புட்டி, மூடி, சைபன் குழாய் மூன்றையும் கிருமி நீக்குவது ஒன்றுதான். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு கிருமி நீக்க வேண்டும். நாம் லேபில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். பாத்திரம் பளபளன்னு இருந்தா போதும்னு நினைப்பு! ஒட்டியிருக்கும் பழைய படிவுக்கு அடியில் கிருமி பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மேலே மருந்து ஊற்றிப் பிரயோஜனமில்லை. பிளாஸ்டிக் குழாயின் உள் கீறல் இன்னும் மோசம். தப்பிய கிருமி, ஈஸ்ட் தின்னாமல் விட்டதையும் தின்று காஸ் விட்டால் புட்டி வெடிக்கக்கூட வெடிக்கும்.

பீர் ஆராய்ச்சிகளை 1876-ல் புத்தகமாக வெளியிட்டார். அதே சமயம் இங்கிலாந்தின் பாஸ்டியன் என்ற மருத்துவர், கொதிக்க வைத்த திரவத்திலும் கிருமி வருகிறதே என்று மடக்கினார். பாஸ்டர் சளைக்காமல் தேடினார். சில கிருமிகளின் வித்துகள் 100 டிகிரி சென்டிகிரேடிலும் சாவதில்லை, திரவத்துக்கு 120 வேண்டும், கண்ணாடியைத் தீயிலேயே வாட்ட வேண்டும் என்று தெரிந்தது. அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் இதற்காக உருவாக்கியதுதான் ஆட்டோகிளேவ். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அழுத்தத்தில் நீராவி 100-ஐத் தாண்டுகிறது, அவ்வளவுதான் சூத்திரம்.

இதற்குள் அவர் மனசு பீரைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பீர் நோய்ப்படுவது போலத்தானே மனித உடம்பும்? ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், பாஸ்டரின் நொதித்தல் ஆராய்ச்சியைப் படித்துவிட்டுக் காயங்களுக்குக் கார்பாலிக் அமிலம் போட்டு உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 1874-ல் நன்றி தெரிவித்துப் பாஸ்டருக்குக் கடிதமே எழுதினார். 1878-ல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அறுவை மருத்துவர்களிடம் பாஸ்டர் நேராகவே சொன்னார்: தாம் அவர்களில் ஒருவராக இருந்தால் கத்தியைச் சுத்தமாக வைப்பதோடு நிற்காமல், கையைக் கழுவிச் சட்டென்று தீயில் காட்டி எடுத்து, கட்டுத்துணியைச் சூட்டில் வாட்டிய பிறகே நோயாளியைத் தொடுவாராம். மறு வருஷம் அதே இடத்தில் ஒரு மருத்துவர் பிரசவ ஜுரத்துக்கு வேறு வேறு காரணம் அடுக்கிக்கொண்டிருந்தார். பாஸ்டர் குறுக்கிட்டு, மருத்துவரும் தாதியரும்தான் ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கிருமியைச் சுமந்து செல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் மணிமாலை போல அந்தக் கிருமியை வரைந்து காட்டினார். அந்தக் காலத்துப் பிரசவ விடுதிகளில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர் வேறு எதுவுமே செய்யாமல் இந்த ஒரு படத்தை மட்டும் வரைந்திருந்தாலும் நான் அவரைப் பற்றி எழுதியிருப்பேன்.

அவரைச் சாமியாக்க எனக்கு இஷ்டமில்லை. பிடிவாதக்காரர், மற்றவர்களுக்குப் பங்கு கொடுக்கத் தயங்குபவர். 1881-ல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுக் காட்டினாரே, அதில் பயன்படுத்தியது வெளியே நம்ப வைத்த முறையில் தயாரான மருந்தல்ல என்பது அவர் இறந்து வெகுகாலம் கழித்து அவருடைய நோட்டுப் புத்தகங்களிலிருந்தே வெளிவந்தது. பீரிலும் அவர் பார்த்தது பாக்டீரியாவைத்தான். காட்டு ஈஸ்டும் பீரைக் கெடுக்கும் என்று கண்டுபிடித்து, ஒரே செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட் வளர்த்தவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் வேலை செய்த ஹான்சன், வருஷம் 1883. ஆனாலும் அந்த ஆலையின் முதலாளி யாகோப்சன், பாஸ்டரின் மார்பளவுச் சிலையைச் செய்வித்து வைத்தார்.

1885-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்குப் போட்ட வெறிநாய்க்கடி ஊசியும், 1888-ல் பாரிஸில் திறந்த பாஸ்டர் நிலையமும் நாம் படித்தவைதாம். நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய நிலையத்துக்கும் அவர் பெயர்தான். வயதான காலத்தில் யாருக்கும் லேசில் கை கொடுக்க மாட்டாராம். விருந்துக்குப் போனால் தட்டையும் டம்ளரையும் துடைத்துப் பார்த்த பிறகே சாப்பிடுவாராம்.

1895 செப்டம்பர் 28-ல் காலமானார். பாரிஸ் நிலையத்தின் அடித்தளத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது. சுற்றிலும் வண்ணக்கல் பதித்த சித்திரங்கள்: ஆடு, கோழி, நாய், பட்டுப்பூச்சிக்கான முசுக்கொட்டை, திராட்சைக்கொடி. அவற்றோடு பீருக்கான ஹாப்ஸ் கொடியும் உண்டு.