செஞ்சிலுவை கண்ட செம்மல்

போர் நிகழ்ந்த நாளை நினைவுகூர்தல் உலக நாடுகள் பலவற்றின் வழக்கமாகும். அவ்விழாக்களில் வென்ற வேந்தரின் புகழ் பேசப்படும். வீழ்ந்த வீரர்க்கு மலர் சூட்டப்பெறும். வட இத்தாலியிலுள்ள சோல்பெரினோ என்னும் சிற்றூரில் நிகழும் விழாவோ வேறு வகையினது. 1992ஆம் ஆண்டில் தோன்றிய வழக்கப்படி, ஜூன் திங்களில் பல நாட்டுத் தொண்டர்கள் அங்குக் கூடுவர். மாலைப் பொழுதில் தீப்பந்தம் ஏந்திக் காஸ்டிலியோனே என்னும் ஊர்வரை நடந்து செல்வர். அவர்கள் நினைந்து போற்றுவது படைத்தலைவன் ஒருவனை அன்று. ஹென்றி டூனாண்ட் என்னும் வணிகரையே ஆகும்.

டூனாண்ட் 1828ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அறச்செயல்களில் ஈடுபாடு மிக்கவர். ஆதலின், ஏழையர்க்கும் பிணியாளர்க்கும் உதவும் பண்பு இளமையிலேயே அவர்பால் வேரூன்றியது.

வளர்ந்தபின் அவர் அல்ஜீரியாவில் தொழில் தொடங்கினார். அதற்கு வேண்டிய நிலவுரிமையும் நீருரிமையும் பெறுவதற்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் காண விழைந்தார். பேரரசர் அப்போது இத்தாலியில் போர்க்களத்தில் இருந்தார். டூனாண்டும் அங்கே சென்றார்.

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் சோல்பெரினோவில் பெரும்போர் மூண்டது. பிரான்சும் சார்டினியாவும் ஒருபுறமும், ஆஸ்திரியா மறுபுறமும் நின்று பொருதன. ஏறத்தாழ 40,000 பேர் மாண்டும் புண்பட்டும் காணாமற்போயும் ஒழிந்தனர். காஸ்டிலியோனேயின் கோயில்களும் வீடுகளும் தெருக்களும் புண்பட்டோரால் நிறைந்தன. மருத்துவரோ மிகச் சிலர். நீருக்கு ஏங்கியும் கட்டுத்துணி இன்றியும் வீரர் பலர் உயிர் துறந்தனர்.

இக்கொடுமையைக் கண்ட டூனாண்ட் வந்த வேலையை மறந்தார். ஊர்ப் பெண்டிரைத் துணைக்கொண்டு நீர் வார்த்தார், புண் கழுவினார், தம் பொருளைச் செலவிட்டு மருந்தும் துணியும் வாங்கினார். நட்பினன், பகைவன் என்னும் வேறுபாடு அவரிடம் இல்லை. அது கண்ட பெண்டிரும் அவ்வழியே ஒழுகினர்.

ஊர் திரும்பிய பின்னும் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1862இல் தாம் கண்டவற்றை நூலாக எழுதித் தம் செலவிலேயே வெளியிட்டார். போர்க்காலத்தில் உதவும் தொண்டர் கழகங்கள் அமைதிக் காலத்திலேயே அமைதல் வேண்டும் என்றும், புண்பட்டோரைக் காக்க நாடுகள் தம்முள் உடன்பாடு செய்தல் வேண்டும் என்றும் அதில் வற்புறுத்தினார். அதன் பயனாக 1863இல் ஜெனீவாவில் ஐவர் குழு ஒன்று தோன்றியது. அதுவே செஞ்சிலுவைச் சங்கத்தின் வித்து. மறு ஆண்டில் 12 நாடுகள் ஜெனீவா உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன.

ஆயின், தொழிலைப் பேணாமையால் 1867இல் டூனாண்ட் பொருளனைத்தும் இழந்தார், கடன்பட்டார். தாம் கண்ட குழுவிலிருந்தும் விலக நேர்ந்தது. பிறந்த நகரை நீங்கிப் பசியோடும் வறுமையோடும் பல்லாண்டு அலைந்தார். உலகம் அவரை மறந்தது. 1887இல் ஹைடன் என்னும் சிற்றூரை அடைந்தார். பின்னர் அவ்வூர் மருத்துவமனையின் அறை ஒன்றே அவருக்கு இல்லமாயிற்று. 1895இல் இதழாசிரியர் ஒருவர் அவரைக் கண்டு எழுதிய பின்னரே, அவர் உயிரோடிருப்பதை உலகம் அறிந்தது.

1901ஆம் ஆண்டில் அமைதிக்கான முதல் நோபெல் பரிசு அவருக்கும் பிரடெரிக் பாசி என்பார்க்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. அப்பொருளை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. ஹைடன் ஊர் ஏழையர்க்காக அம்மருத்துவமனையில் ஒரு படுக்கை என்றும் இலவசமாக இருக்குமாறு பொருள் ஒதுக்கினார். 1910ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மறைந்தார். அவர் விரும்பியவாறே எவ்விதச் சடங்குமின்றி அடக்கம் செய்யப்பெற்றார்.

தமக்கெனச் சடங்கொன்றும் வேண்டாத அப்பெரியார்க்காகவே சோல்பெரினோவில் தீப்பந்தங்கள் ஒளிர்கின்றன. மாணவர்களே, போரை நினைவுகூரும் நாளில் வென்றவர் யார் என்று வினவுதலோடு அமையாதீர். வீழ்ந்தவனுக்கு நீர் வார்த்தவர் யார் என்றும் வினவுங்கள். பகைவனது புண்ணுக்கும் மருந்திடும் அருளே மெய்யான வெற்றியாகும்.