கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடேயும் எங்கள் கடை டிரிம்மரும்



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதணும் என்று வகுப்பில் சொன்னதும், ஆளுக்கொரு பேரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மைக்கேல் ஃபாரடே என்று சொன்னேன். ஏன் தெரியுமா? எல்லாம் ஒரு டிரிம்மரால் வந்தது.

எங்க அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், அதனால் நானும் போய்க் கூடமாட உதவுவேன். முன்பு இருந்த டிரிம்மர்களுக்கு அடியில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் பின்னைச் சொருகித்தான் சார்ஜ் ஏற்றணும். பொடி முடியும் தண்ணியும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். ஒயரும் கழுத்துக்கிட்ட முறிந்து போகும். அப்பா புதுசா வாங்கிய டிரிம்மருக்கு ஓட்டையே கிடையாது. கூடவே ஒரு சின்னத் தட்டு கொடுத்தார்கள். தட்டை பிளக்கில் மாட்டி, அதன் மேல் டிரிம்மரை நிறுத்தி வைத்தால் போதும், சார்ஜ் ஏறும்.

எனக்கு ஒரே ஆச்சரியம். நடுவில் ஒரு தாளை வைத்துப் பார்த்தேன், ஏறியது. நோட்டு அட்டையை வைத்தேன், அப்பவும் ஏறியது. இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கினேன், விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் மின்காந்தத் தூண்டல் பாடத்தைத் திறந்து காட்டினார். ஃபாரடே 1831 என்று நான் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிய அதே பாடம்! வருஷத்தைப் படித்தேனே தவிர, ஆளைப் படிக்கவில்லை. அதற்குப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டறையும் பசியும்

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22-இல் லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது. அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், வேலைக்குப் போக முடியாது. 1801-இல் விலைவாசி ஏறிக் கிடந்த நேரத்தில், சிறுவன் மைக்கேலுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். நம்மில் எத்தனை பேர் மதிய உணவு முட்டைக்கு வரிசையில் முண்டியடிக்கிறோம்! அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் மட்டும் கற்றார். 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. மறு வருஷம் அதே கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள 7 வருஷத்துக்கு ஒப்பந்தம் ஆனது.

இங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களுக்கு மற்றவர்கள் அட்டை போட்டார்கள். மைக்கேல் அட்டையும் போட்டார், உள்ளேயும் படித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கைக்கு வந்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகமும் வந்தது. படித்ததோடு விடவில்லை. கையில் இருந்த சில்லறைக்குக் கிடைத்த சாமான்களை வைத்து, படித்தது சரிதானா என்று செய்து பார்த்தார். சாயங்காலம் நடக்கும் அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போக ஒரு ஷில்லிங் கட்டணம். அவருடைய அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர்தான், அந்தக் காசைக் கொடுத்து உதவினார்.

ஒரு நோட்டுப் புத்தகம் தந்த வேலை

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி பேசும் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அந்தக் காலத்தில் பெரிய நட்சத்திரம் மாதிரி. மைக்கேல் மாடி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். வீட்டுக்கு வந்து படங்களோடு அழகாகத் திருத்தி எழுதினார். 300 பக்கத்துக்கு மேல் வந்தது. தனக்குத் தெரிந்த தொழிலைக் காட்டி அதைத் தானே பைண்டு செய்து, வேலை கேட்டு ஒரு கடிதத்தோடு டேவிக்கு அனுப்பினார்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் இப்போதைக்கு பைண்டிங் தொழிலையே பார்க்கும்படி புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் அங்கே இருந்த உதவியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். அந்த இடம் மைக்கேலுக்குக் கிடைத்தது. 1813 மார்ச் 1-ஆம் தேதி சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் தங்க இரண்டு அறை. வேலை என்ன? குடுவை கழுவுவது, சொற்பொழிவுக்குச் சாமான்களை எடுத்து வைப்பது.

அதே வருஷம் டேவி ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கிளம்பினார். அவருடைய பணியாள் வர மறுத்துவிட்டதால் அந்த வேலையையும் ஃபாரடே தலையில் கட்டினார்கள். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். கூட உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கிற அளவுக்கு அவர் மனம் நொந்துபோனார். ஆனால் அந்தப் பயணத்தில்தான் பாரிஸில் ஆம்பியரையும் இத்தாலியில் வோல்டாவையும் பார்த்தார். நாம் ஆம்பியர், வோல்ட் என்று அலகு எழுதுகிறோமே, அந்த மனிதர்கள்தான். அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு பாடத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

சுற்றிய கம்பி

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். 1821 செப்டம்பரில் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்னோட்டத்தையும் காந்தத்தையும் கொண்டு ஒரு பொருளைத் தொடர்ந்து சுற்ற வைத்தது அதுதான் முதல் தடவை. இன்றைய மோட்டார்களுக்கு எல்லாம் அதுதான் தொடக்கம்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. வொல்லாஸ்டன் என்ற விஞ்ஞானியின் யோசனையை எடுத்துக்கொண்டார், பேரைக்கூடச் சொல்லவில்லை என்று பழி வந்தது. 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பேர் வந்தபோது அதை எதிர்த்தவர், கை கொடுத்துத் தூக்கிவிட்ட அதே டேவி! ஆனாலும் ஃபாரடே தேர்வானார். எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. கடைசிவரை டேவியை அவர் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லையாம். என்னால் அப்படி இருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

1831: ஊசி ஆடிய நாள்

மின்சாரம் காந்தத்தை உண்டாக்கினால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்கணும் இல்லையா? இந்தக் கேள்வியை அவர் 1822-லேயே எழுதி வைத்துக்கொண்டார். நடுநடுவே பல தடவை முயற்சி செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஆய்வுகள், சொற்பொழிவுகள் என்று வருஷங்கள் ஓடின. கேள்வியை மட்டும் விடவில்லை.

1831 ஆகஸ்ட் 29. ஒரு மெல்லிரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பாதியில் ஒரு செம்புக் கம்பிச்சுருள், மறு பாதியில் இன்னொரு கம்பிச்சுருள். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் கிடையாது. அதனால் கம்பிக்குக் கம்பி ஒட்டாமல் இருக்க நூலையும் துணியையும் நடுவில் வைத்துப் பொறுமையாகச் சுற்றினார். பைண்டிங் வேலை செய்த கை அல்லவா! முதல் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இரண்டாவது சுருளின் கம்பியைத் தள்ளிக் கொண்டுபோய் ஒரு காந்த ஊசிக்கு மேலாக ஓடவிட்டார்.

இணைத்த அந்த நொடி ஊசி ஆடியது. பிறகு நின்றுவிட்டது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது, ஊசியோ அசையவில்லை. இணைப்பை எடுத்தார், மறுபடி ஒரு ஆட்டம்.

இதைத்தான் நான் பாடத்தில் கவனிக்காமல் விட்டேன். காந்தப்புலம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது. அது கூடணும், குறையணும், மாறிக்கொண்டே இருக்கணும். அந்த மாற்றம்தான் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. இத்தனை நாள் யாரும் பார்க்காமல் விட்டதும் அதனால்தான். எல்லோரும் தொடர்ந்து ஓடும் மின்சாரத்தை எதிர்பார்த்தார்கள். ஒரு நொடி ஆட்டத்தை அவர் அலட்சியம் செய்யவில்லை. அக்டோபர் 17-இல் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் மின்சாரம் வர வைத்தார். அதே மாதக் கடைசியில் காந்த முனைகளுக்கு நடுவில் செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். அணைக்கட்டிலும் அனல் மின் நிலையத்திலும் ஜெனரேட்டர் சுற்றுவது இந்த விதிப்படிதான். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் இதையே தனியாகக் கண்டுபிடித்தார். முதலில் வெளியிட்டவர் ஃபாரடே.

டிரிம்மருக்கு வருவோம்

இப்போது எங்க கடைத் தட்டைப் பாருங்கள். தட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள், டிரிம்மரின் அடியில் இன்னொரு கம்பிச்சுருள். ஃபாரடேயின் வளையத்தில் இருந்த அதே இரண்டு சுருள்! அவர் கையால் இணைத்தும் எடுத்தும் மாற்றத்தை உண்டாக்கினார். தட்டுக்குள் இருக்கும் மின்சுற்று, மின்னோட்டத்தின் திசையை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மாற்றுகிறது. செல்போனை மேலே வைத்து சார்ஜ் ஏற்றும் தட்டுகளில் இது ஒரு லட்சம் தடவைக்கும் மேல்! அதனால் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கிறது, டிரிம்மரில் உள்ள சுருளில் மின்சாரம் எழுகிறது. அதை நேர்மின்னோட்டமாக மாற்றி பேட்டரியில் ஏற்றுகிறார்கள்.

தாளும் அட்டையும் காந்தப்புலத்தைத் தடுக்காது. அதனால்தான் நான் வைத்துப் பார்த்தபோது ஏறியது. ஆனால் இங்கே இரண்டு சுருளையும் இணைக்கும் இரும்பு வளையம் இல்லை. தூரம் கூடக்கூட, மேல் சுருளுக்குள் போய்ச் சேரும் காந்தப்புலம் வேகமாகக் குறைகிறது. இரண்டு விரல் தூக்கியதும் அணைந்தது அதனால்தான். நடுவில் இரும்புத் தகடு மட்டும் வைத்துவிடாதீர்கள், அது சூடாகிவிடும்.

இதில் குறையும் உண்டு. கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகிறது, சரியாக நிறுத்தாவிட்டால் சார்ஜ் மெதுவாக ஏறும். ஆனால் ஓட்டை இல்லாததால் தண்ணீர் படும் இடத்தில் பயமில்லை, துருப்பிடிக்கும் முனையும் இல்லை. மின்சாரப் பல் துலக்கிகள் பலவும் இந்த முறையில்தான் சார்ஜ் ஆகின்றன.

இன்னொரு அதிசயம். அமெரிக்காவின் ஜேக்கப் ஷிக் தயாரித்த மின்சாரச் சவரக் கருவி கடைக்கு விற்பனைக்கு வந்தது 1931-இல். ஃபாரடேயின் ஊசி ஆடிச் சரியாக 100 வருஷம்! பிளேடை ஆட்டும் மோட்டாருக்கு மூலம் 1821 சோதனை, சார்ஜ் ஏற்றும் தட்டுக்கு மூலம் 1831 சோதனை. ஒரே டிரிம்மரில் ஃபாரடே இரண்டு தடவை இருக்கிறார்.

புகழ் வந்த பிறகும்

ஃபாரடேவுக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் இருப்பதாக மனதில் படம் போட்டுத்தான் சிந்தித்தார். பின்னால் மாக்ஸ்வெல் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். (இதைச் சொல்லிக் கணக்கு வகுப்பில் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். மாக்ஸ்வெல்லும் வேண்டுமே என்று கணக்கு டீச்சர் சொல்லிவிட்டார்!) செய்த சோதனை எல்லாவற்றையும், தோற்றதையும் சேர்த்து, நாட்குறிப்பில் எழுதினார். எண் போட்ட பத்திகளே 16,000-க்கும் மேல்.

சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை 19 தடவை நடத்தினார். காசில்லாமல் சொற்பொழிவு கேட்கத் தவித்த பையன் அல்லவா! சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். 1867 ஆகஸ்ட் 25-இல் காலமானார். மன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்வதையும் அவர் விரும்பவில்லை. ஹைகேட் கல்லறையில் எளிமையாக உறங்குகிறார்.

முடிக்கும் முன் ஒன்று சொல்லணும். அப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால், கடை வைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்வேன். என்ன கடை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஃபாரடே தன்னைக் கொல்லர் மகன் என்பதை மறைக்கவில்லை. பைண்டிங் கற்ற கையால்தான் அந்த வளையத்தைச் சுற்றினார். அதனால்தான் இந்தத் தடவை மேலே இரண்டாவது பத்தியிலேயே எங்க அப்பா தொழிலை எழுதிவிட்டேன். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிரிம்மரைத் துடைத்துத் தட்டின் மேல் நேராக நிறுத்தி வைத்தார்.



பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவன்