பேக்கர் துரை பார்த்த பனியும் அம்மா மிதித்த பனியும்

ஒவ்வொரு ஜனவரியிலும் இது நடக்கும். நுவரெலியாவில் துகள் உறைபனி என்று செய்தி வந்த அன்றே கொழும்பிலிருந்து நண்பர்கள் அழைப்பார்கள். பனி கொட்டுகிறதாமே, இந்த வார இறுதியில் வரலாமா, கூடாரம் அடிக்க இடம் கிடைக்குமா, திரும்பும் வழியில் கித்துல்கலவில் படகு விடலாமா என்று கேட்பார்கள். இலங்கையில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புல்நுனித் துளியும் பனிதான், மூடிக்கொள்ளும் புகாரும் பனிதான், இமயமலையில் பெய்வதும் பனிதான் என்று ஒரே சொல்லால் நாம் சமாளித்து வருவதால் ஏற்படும் குழப்பம் இது. இங்கே நடப்பது வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. பாரமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. புல்லிலும் தேயிலையிலும் படிந்த ஈரம் உறைந்து வெளுக்கிறது. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும்.

நான் பிறந்தது அம்பேவெல பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். எனக்கு அந்த வெள்ளைப் புல் சுற்றுலாக் காட்சி அல்ல. அம்மா வேலைக்குப் போன பாதை. ஆனாலும் இந்தக் குளிரைத் தேடி, வேட்டைக்கும் விளையாட்டுக்குமாக மலையேறி வந்த ஒரு மனிதரின் கதை பல வருடங்களாக என்னைவிட்டுப் போகாமல் இருக்கிறது. அவர் சாமுவேல் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளும் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு.

1821இல் லண்டனில் வசதியான வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர் பேக்கர். குடும்பத்துக்கு ஜமைக்காவிலும் மொரீஷியஸிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. மொரீஷியஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போன இளைஞருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. 1846இல் வேட்டையாடுவதற்கென்றே இலங்கைக்கு வந்தார். தாழ்நிலக் காடுகளில் யானை சுட்டுத் திரிந்தவரைக் காய்ச்சல் பிடித்தது. உடம்பு தேறுவதற்காக அவரை நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கை 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்விடமாக்கியிருந்தார். பேக்கர் போன நேரத்தில் அது சில வீடுகள் மட்டுமே கொண்ட சோர்ந்த ஊர். இரண்டு வாரத்தில் அவருக்கு உடம்பு தேறியது. அந்தக் குளிரில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கிவிடலாம் என்ற ஆசையும் பிறந்தது.

ஊருக்குத் திரும்பி அரசாங்கத்திடம் ஆயிரம் ஏக்கர் வாங்க ஏற்பாடு செய்தார். 1848இல் மனைவி ஹென்றியெட்டா, பிள்ளைகள், சகோதரர் ஜோன் ஆகியோருடன் ஒரு கொல்லரும் வேலையாட்களும் விவசாயக் கருவிகளும் உயர்சாதி மாடுகளும் வேட்டை நாய்க் கூட்டமும் கப்பலேறின. வரிகளை எதிர்த்து மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட அதே வருடம் அது.

மலை அவரை எளிதில் ஏற்கவில்லை. மழைக்காலப் பாதையில், குடிபோதையில் இருந்த குதிரைக்காரன் வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தான். ஆசையாகக் கொண்டுவந்த பசு மேலே வந்து சேரவில்லை. முதலில் போட்ட உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை இரவில் மரைகளும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்தன. ஆடுகளும் குதிரைகளும் செத்தன. யானையைக் கட்டி உழுதுபார்த்தார். காடு பச்சையாக இருப்பதால் மண்ணும் வளமாக இருக்கும் என்று நினைத்தது தவறு, உரம் போடாமல் இந்த மண் எதையும் தராது என்பதைக் கைப்பணம் செலவான பிறகே தெரிந்துகொண்டார். இன்று நுவரெலியாவில் கரட்டும் லீக்சும் போடும் எந்த விவசாயியும் இதை ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

பேக்கருக்கு விவசாயத்தைவிட வேட்டைதான் உயிர். மலையில் அவர் மரை வேட்டைக்குத் துப்பாக்கி எடுப்பதில்லை. நாய்க் கூட்டமும் இடுப்பில் நீண்ட கத்தியும்தான். அதனாலேயே காலநிலையை அவர் ஊன்றிக் கவனித்தார். குளிரும் ஈரமும் உள்ள விடியலில் மோப்பம் நிலத்தில் தங்கும். வெயிலும் காற்றும் ஏறினால் கலைந்துவிடும். வருடத்தின் முற்பகுதி வறண்டது, இரவில் உறைபனி விழும், ஜூனில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையும் காற்றும் வந்து மலையை மூடும் என்பதையெல்லாம் அவர் எழுதிவைத்தார். நாய்களிடமிருந்து தப்பும் மரை கடைசியில் ஆற்றுக்குத்தான் ஓடும். ஆழமான குட்டையில் முதுகைப் பாறைக்குக் கொடுத்து நிற்கும். நீர் பெருகிய நாட்களில் நாய்கள் வெள்ளத்தில் அடித்துப்போவதைப் பேக்கர் பலமுறை பார்த்தார்.

அந்த இடத்தைப் படித்தபோது என் பதினாறாவது வயது ஞாபகம் வந்தது. நாங்கள் ஐந்து பேர் நீர்த்தேக்கமொன்றின் கீழே ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேலே வெயில். மேலே, எங்கள் கண்ணுக்கு எட்டாத மலையில் மழை. தண்ணீரின் நிறம் மாறியதை நாங்கள் கவனிக்கவில்லை. முழங்கால் அளவு நீர் நெஞ்சுக்கு வருவதற்கு எடுத்த நேரம் ஒரு பாட்டுப் பாடும் நேரம்கூட இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா புடவையை வீசி ஒருவனை இழுத்தார். அவன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த அக்காவின் பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

பெயர் என்றதும் இன்னொன்று. பேக்கர் இலங்கையைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டாவது நூல் 1855இல் வந்தது. அவற்றில் கில்பக், ஸ்மட், பிரான், லெனா என்று நாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு, குணம் உண்டு, சாவுக்கு இரங்கலும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக்குச் சாமான் சுமந்தவர்களும் காடு வெட்டியவர்களும் பெரும்பாலும் கூலிகள் என்ற ஒரு சொல்லாகவே வருகிறார்கள். அது கோப்பிக் காலம். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து நம் முன்னோர் மலையேறிக்கொண்டிருந்த காலம். தாழ்நிலச் சூட்டுக்குப் பழகிய உடம்போடு, மெல்லிய துணியோடு, அதே உறைபனிக்குள் அவர்களும் வந்து சேர்ந்தார்கள். பேக்கரின் உடம்பைத் தேற்றிய குளிர் அவர்களில் பலரைக் கொண்டுபோனது.

எட்டு வருடத்தின் முடிவில் பேக்கரும் மலையை விட்டு இறங்கினார். பிள்ளைகளில் சிலரை இழந்திருந்தார். மறுபடி மறுபடி காய்ச்சல். 1855இல் நாடு திரும்பிய அதே வருடக் கடைசியில் ஹென்றியெட்டா காய்ச்சலில் இறந்தார். நான்கு பெண் பிள்ளைகளைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடியும் அலையத் தொடங்கினார். தன்யூப் ஆற்றங்கரையில் வித்தின் நகரத்து அடிமைச் சந்தையில் கண்ட இளம்பெண் புளோரன்ஸை அங்கிருந்து கூட்டிச்சென்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1861இல் அவளோடு நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆபிரிக்காவுக்குப் போனார். 1864 மார்ச்சில் இருவரும் ஒரு பெரிய ஏரியின் கரையில் நின்றார்கள். அதற்கு அல்பர்ட் என்று பெயர் வைத்தார். 1866இல் சேர் பட்டம் கிடைத்தது. 1869 முதல் நான்கு வருடம் எகிப்திய ஆட்சியாளருக்காக மேல் நைல் பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்கும் பணியில் படையோடு இருந்தார். 1893 டிசம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் காலமானார்.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீர் கொடுக்கும் மலையில் பல வருடம் வாழ்ந்தவர், பிறகு இன்னொரு கண்டத்தில் நதியின் தலையைத் தேடிப் போனார். இங்கே ஆறுகளுக்கு மேலே நடந்து பழகியதுதான் அந்தப் பயணத்துக்குப் பயிற்சியோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதே நேரம், அந்த நீர்வீழ்ச்சியை அவர் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பெலிஹுல் ஓயாவில் ஏறத்தாழ 20 மீற்றர் விழும் அந்த நீரின் இரைச்சல், அந்தக் காட்டுவழியே நடந்தவர்களுக்கு அவர் வருவதற்கு முன்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவருக்கு முன்பு இதே மலையில் வேட்டையாடிய மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் எனப்படுகிறது. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைக்கு அஞ்சாதவரையும் மலையின் வானம் விட்டுவைக்கவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. 1988இல் அது தேசியப் பூங்காவான பிறகு மரைகள் மறுபடி பெருகியிருக்கின்றன.

மலைக்கு வர விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை வாருங்கள். சிவனொளிபாத மலை யாத்திரையை மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடித்த நம் பெரியவர்கள் காலநிலை தெரிந்தவர்கள். உறைபனி பார்க்க வேண்டுமானால் முந்தைய மாலையில் வானம் தெளிவா, காற்று அடங்கியதா என்று பாருங்கள். காற்று அடித்தால் உறைபனி விழாது. உலக முடிவுக்கு விடியலிலேயே போங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் புகார் ஏறி, 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளத்தை மறைத்துவிடும். மே பிறந்தால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை. அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக வீசும். கித்துல்கலவில் படகு ஏறும் முன்பு மேலே மழையா, நீர்த்தேக்க வான்கதவு திறக்கிறார்களா என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். தண்ணீர் கலங்கினால் கரையேறுங்கள்.

இன்னும் ஒன்று. உறைபனி விழுந்த காலையில் நீங்கள் படமெடுக்கும் அந்த வெள்ளைத் தேயிலையில், வெயில் பட்டதும் கொழுந்து கருகிவிடும். கொழுந்து கருகினால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் சம்பளம் குறையும். அம்மா பெரட்டுக்களத்துக்குப் போகும்போது காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் படங்கு, தலையில் ஒரு பழைய கம்பளி. திரும்பி வந்து அடுப்பருகே உட்கார்ந்தால் அவருடைய விரல்கள் மடங்குவதற்கு வெகுநேரம் ஆகும். நான் என் உள்ளங்கைகளுக்குள் அவற்றை வைத்துத் தேய்த்துவிடுவேன்.

பேக்கரின் நூல்களை நான் வெறுக்கவில்லை. இந்த மலையின் காற்றையும் நீரையும் அவ்வளவு கவனமாகப் பார்த்த கண்கள் அவருடையவை. அந்தக் கண்கள் பக்கத்தில் சுமை தூக்கி நின்றவரின் காலையும் பார்த்திருக்கலாம். நீங்கள் வரும்போது அதைப் பாருங்கள். பாதை காட்டுபவரிடமும் மூட்டை தூக்குபவரிடமும் பெயர் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதைப் போல விட்டுவிடாதீர்கள்.