இசைமேதை பாப்லோ காஸல்ஸ்

நம் சங்கத்தின் ஆண்டு விழா இன்னிசையின்றி நடந்ததில்லை. நம் காலனியிலும் வீணையோ வயலினோ பயிலும் பிள்ளைகள் பல வீடுகளில் உள்ளனர். தாய்மொழி வழங்கும் நாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாம், மொழியையும் இசையையும் இரு கண்களெனக் காத்து வருகிறோம். இது போற்றத் தக்கதே. ஆயினும், தந்தி வாத்தியம் பயிலும் குழந்தை எவ்வாறு அமர்ந்திருக்கிறது, தோளை எவ்வாறு வைத்திருக்கிறது, மேடை ஏறுங்கால் அதன் உள்ளம் என்ன பாடுபடுகிறது என்பவற்றைக் கவனிப்போர் எத்தனை பேர்? எத்தனை கீர்த்தனை பாடமாயிற்று என்று வினவுவோர் பலர். தோள் வலிக்கிறதா என்று வினவுவோர் சிலர். இதனை எண்ணியே, உடலின் இறுக்கத்தையும் உள்ளத்தின் அச்சத்தையும் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து வென்ற ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலருக்கு எழுதப் புகுந்தோம். அவரே செல்லோ வாத்தியத்தின் தனிப்பெருந்தலைவரெனப் புகழ்பெற்ற பாப்லோ காஸல்ஸ்.

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம். நான்கு தந்திகளை உடையது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, அதனை இரு முழங்கால்களுக்கும் இடையே நிறுத்தி, மார்பின்மீது சாய்த்து, வலக்கையில் வில் பிடித்து வாசிப்பார். அடியிலுள்ள முனை தரையில் ஊன்றி நிற்கும். அதன் நாதம் ஆடவர் குரலையொத்துக் கம்பீரமாக ஒலிக்கும்.

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே கட்டலோனியா என்னும் பகுதி உள்ளது. தனக்கெனத் தனி மொழியும் மரபும் கொண்டது. அங்கே வென்ட்ரெல் என்னும் சிற்றூரில் 1876-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் தேதி காஸல்ஸ் பிறந்தார். கட்டலான் மொழியில் அவர் பெயர் பாவ். அம்மொழியில் அச்சொல்லுக்குச் சமாதானம் என்ற பொருளும் உண்டு. பெயருக்கேற்ப அவர் வாழ்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

தந்தையார் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். வருவாய் சொற்பம். அன்னையார் போர்ட்டோ ரீக்கோ தீவில் பிறந்தவர். சிறுவன் ஐந்து வயதிலேயே கோயில் பாடகர் குழுவில் பாடினான். பியானோவும் வயலினும் தந்தையிடம் பயின்றான். ஊரூராகத் திரியும் வித்தைக்காரர்களின் விந்தை வாத்தியங்களைக் கண்டு அவன் ஆசைப்படவே, உலர்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கொண்டு ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றைத் தந்தையார் செய்வித்துக் கொடுத்தார். நம் வீணையிலும் சுரைக்குடுக்கை உண்டன்றோ! உலகப் புகழ் பெற்ற பின்னரும் அச்சுரைக்குடுக்கையைக் காஸல்ஸ் தம் இல்லத்தில் போற்றி வைத்திருந்தார்.

பதினோராம் வயதில், 1888-இல், ஹோசே கார்சியா என்பார் வாசித்த உண்மையான செல்லோவின் ஒலியை முதன்முதலாகக் கேட்டார். அன்றே அவர் வாழ்வின் திசை முடிவாயிற்று. மகன் தச்சுத்தொழில் பயின்று பிழைக்கட்டும் என்பது தந்தையின் எண்ணம். அன்னையோ சம்மதியாமல், மகனைப் பார்சலோனா நகருக்கு அழைத்துச் சென்று நகராட்சி இசைப்பள்ளியில் சேர்த்தார். அங்கே அந்தக் கார்சியாவே ஆசிரியராக வாய்த்தார்.

இங்கேதான் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி தொடங்குகிறது. அக்காலத்தில் செல்லோ பயிலும் மாணவர்கள் வலக்கையின் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டே வில் போட வேண்டும் என்பது விதி. கை விலகாதிருக்கும்பொருட்டு அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்கச் செய்வார்கள். புத்தகம் விழுந்தால் பிழை. இடக்கையும் மரம்போல் விறைத்திருக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கை முழுவதும் தந்திமீது வழுக்கிச் செல்லும். பறவையின் சிறகைக் கட்டிவிட்டுப் பறக்கச் சொல்வது போன்றது இது.

சிறுவன் காஸல்ஸ் இம்முறையை ஏன் என்று கேட்டான். வில் நீண்டு செல்ல வேண்டுமாயின் கையும் தோளிலிருந்து தடையின்றி நீள வேண்டும் அல்லவா? ஆகவே புத்தகத்தை அகற்றி, முழங்கையை விடுவித்தான். இடக்கையில், கையை முழுவதும் நகர்த்தாமல் விரல்களை விரித்து அடுத்த சுரத்தைத் தொடும் முறையைப் பழகினான். ஆசிரியர் முதலில் திகைத்தாராயினும், பயனைக் கண்டு தடை சொல்லவில்லை. ஒரு மாணவனின் இச்சிறு புரட்சியே நாளடைவில் உலகெங்கும் செல்லோ வாசிக்கும் முறையை மாற்றியமைத்தது.

பிற்காலத்தில் மாணவர்க்கு அவர் அழுத்திப் போதித்த மற்றொரு நுட்பமும் உண்டு. கைக்கு வலிமை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இளைப்பாறுதலும் வேண்டும். விரல் தந்தியில் உறுதியாக விழ வேண்டும். விழுந்த மறுகணமே அதன் இறுக்கம் நீங்க வேண்டும். விரைந்து செல்லும் பகுதியிலும் இமைப்பொழுது ஓய்வுக்கு இடம் உண்டு. அதனைத் தேடிக் கண்டு கையைத் தளர்த்திக்கொள்ளுதல் வேண்டும். இதயம் துடிப்புக்குத் துடிப்பு ஓய்ந்து இயங்குவதால் அன்றோ வாழ்நாள் முழுதும் உழைக்கிறது! நாள் முழுதும் மேசைமுன் குனிந்து கணக்கெழுதும் நம்மனோர்க்கும் இது பயன்படும் பாடமே.

பதின்மூன்றாம் வயதில் மற்றொரு பேறு கிட்டியது. 1890-இல் தந்தையுடன் பார்சலோனா துறைமுகத்தருகே பழைய இசைச்சுவடிக் கடை ஒன்றில் தேடுகையில், ஜெர்மானிய இசையாசிரியர் பாஹ் தனிச் செல்லோவுக்கென இயற்றிய ஆறு தொகுப்புகள் அவர் கைக்குக் கிட்டின. ஏறத்தாழ 1720-இல் இயற்றப்பெற்ற அவற்றை அக்காலத்தார் வெறும் பயிற்சிப் பாடங்களாகவே கருதிவந்தனர். சிறுவனோ அவற்றைப் புதையலெனக் கொண்டு நாள்தோறும் பயின்றான். பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே சபையில் வாசிக்கத் துணிந்தார். முழுவதையும் இசைத்தட்டுகளில் பதிவு செய்தது 1936 முதல் 1939 வரையில். அப்போது அவருக்கு வயது அறுபது! இரண்டு மாதத்தில் அரங்கேற்றம் வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் இப்பன்னிரண்டு ஆண்டுகளை நினைவிற் கொள்க.

மத்ரித் அரசவையின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. 1899-இல் லண்டனிலும் பாரிஸிலும் வாசித்துப் பெரும்புகழ் எய்தினார். விக்டோரியா மகாராணியார் முன்னிலையிலும் வாசித்தார். ஆனால் இத்துணைப் புகழ் பெற்றவர் மேடையச்சம் இல்லாதவர் என்று எண்ணற்க. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் நெஞ்சம் படபடக்கும். வேதனை தாங்கவொண்ணாததாக இருக்கும். வாழ்நாள் முழுவதும் இது அவரை விட்டு நீங்கவேயில்லை. 1901-இல் அமெரிக்காவில் ஸான்பிரான்சிஸ்கோ அருகே டமல்பாயிஸ் மலையில் உலாவுகையில் பாறை ஒன்று உருண்டு வந்து அவர் இடக்கை விரலை நசுக்கியது. அக்கணத்தில் அவர் மனத்தில் முதலில் எழுந்தது துயரமன்று. இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியே! பின்னாளில் அவரே இதனை மறையாது கூறியுள்ளார். சில மாதங்களில் விரல் குணமாயிற்று; அச்சமும் கூடவே திரும்பியது.

வியன்னா நகரில் முதன்முறை வாசித்த நாளில் நிகழ்ந்ததும் கேட்கத்தக்கது. பெரும் இசைவாணர்கள் வாழ்ந்த ஊர் என்ற எண்ணத்தால் அவர் உள்ளம் நடுங்கிற்று. வில்லை எடுத்தபோது விரல்கள் விறைத்திருந்தன. அவற்றைத் தளர்த்தும்பொருட்டு வில்லை ஒரு சுழற்றுச் சுழற்றினார். அந்தோ! வில் கைநழுவிப் பறந்து சபையினரிடையே போய் விழுந்தது. யாரும் நகைக்கவில்லை, யாரும் கூவவில்லை. அவ்வில்லை வரிசை வரிசையாகக் கைமாற்றி, மௌனமாக மேடைக்குச் சேர்ப்பித்தனர். வில் மெல்ல மெல்ல வந்து சேரும் அந்நேரத்தில் அவர் உள்ளமும் அமைதியுற்றது. அன்று மிகச் சிறப்பாக வாசித்தார். வித்வானுக்கு அமைதியை அளித்தது சபையின் பண்பே என்பதை நாம் மறத்தலாகாது.

மனத்தை நிலைநிறுத்த அவர் கைக்கொண்ட வழி மிக எளியது. நாள்தோறும் காலையில் எழுந்ததும் பியானோ முன் அமர்ந்து பாஹ் இயற்றிய இரண்டு உருப்படிகளை வாசிப்பார். இதன் பின்னரே மற்றவை. தொண்ணூறு வயதைக் கடந்தும் இந்நியமம் தவறவில்லை. நம் இல்லங்களில் காலையில் விளக்கேற்றுவதைப் போன்றது இது எனலாம்.

தம் இசை செல்வர்க்கு மட்டுமே உரியதாதல் ஆகாது என்று கருதிய காஸல்ஸ், 1920-இல் பார்சலோனாவில் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு வாத்தியக் குழுவை நிறுவினார். சில ஆண்டுகளில் தொழிலாளர் இசைச் சங்கம் ஒன்றும் தோன்றியது. குறைந்த வருவாய் உள்ளோரே அதன் உறுப்பினர். சந்தா மிகச் சொற்பம். ஞாயிறு காலைகளில் ஆலைத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் குடும்பத்தோடு வந்து உயர்ந்த இசையைக் கேட்டு மகிழ்ந்தனர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சங்கம் நடத்தும் நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி எத்துணை ஊக்கம் தருகிறது!

1936 ஜூலை 18-இல் அவர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது, கச்சேரி இல்லை, உடனே கலைந்து செல்க என்று செய்தி வந்தது. குழுவினரிடம் நிலைமையைக் கூறி, மனித சகோதரத்துவத்தைப் போற்றும் இறுதிப் பகுதியை முற்றும் இசைத்துவிட்டே பிரிந்தனர். 1939-இல் பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைபெற்றதும் காஸல்ஸ் நாட்டை விட்டு வெளியேறி, எல்லைக்கு அப்பால் பிரான்ஸில் பிராத் என்னும் சிற்றூரில் தங்கினார். முகாம்களில் வாடிய அகதிகளுக்காகப் பொருள் திரட்டினார். உணவும் உடையும் அளித்தார். ஜெர்மானியர் ஆக்கிரமித்த காலத்தில் அவரை பெர்லினில் வந்து வாசிக்க அழைத்தனர். மறுத்துவிட்டார். இங்கேயாவது வாசியுங்கள் என்றதற்குத் தோளில் வாதம் என்று கூறி வாத்தியத்தைத் தொடவில்லை.

போர் முடிந்தபின், வென்ற வல்லரசுகள் பிராங்கோவின் ஆட்சியைச் சகித்துக்கொண்டன. இதனால் மனம் நொந்த காஸல்ஸ், அவ்வாட்சியை ஏற்கும் நாடுகளில் வாசிப்பதில்லை என்று விரதம் பூண்டார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அளிக்க முன்வந்த பட்டங்களையும் ஏற்கவில்லை. கையை எந்நேரமும் தளர்த்தக் கற்பித்தவர், கொள்கையை ஒருபோதும் தளர்த்தவில்லை. அவர் வெளியே வாரார் என்றானபோது, உலகத்து இசைவாணர்கள் அவரைத் தேடி வந்தனர். பாஹ் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1950-இல் பிராத் ஊரிலேயே பெருவிழா நடைபெற்றது.

பின்னர் அன்னை பிறந்த போர்ட்டோ ரீக்கோவில் குடியேறினார். 1957-இல் மாரடைப்பு கண்டும் மீண்டும் வாசித்தார். இளைஞர்க்குப் பாடமும் சொன்னார். 1961-இல் ஜனாதிபதி கென்னடியின் மாளிகையில் வாசித்தார். 1971-இல், 94-ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் சபையில் சமாதானத்துக்காகத் தாம் இசையமைத்த கீதத்தை நடத்தி, சமாதானப் பதக்கம் பெற்றார். தம் நாட்டு மக்களின் பழம்பாடலான பறவைகளின் பாட்டையும் அன்று செல்லோவில் வாசித்தார். 1973 அக்டோபர் 22-இல் இயற்கை எய்தினார். நாம் விடுமுறை கிடைத்தால் டிக்கெட் எடுத்துக்கொண்டு சொந்த ஊர் சென்று வருகிறோம். அவரோ மனச்சாட்சியின் பொருட்டுத் தம் மண்ணில் மீண்டும் வாழாமலே மறைந்தார். சர்வாதிகாரம் ஒழிந்த பின், 1979-இல், அவர் உடல் வென்ட்ரெலுக்குக் கொண்டுவரப்பெற்று அடக்கம் செய்யப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நம் பிள்ளைகள் கொள்ள வேண்டியவை யாவை? செல்லோவின் அமர்வு வேறு, நம் வாத்தியங்களின் அமர்வு வேறு. நம் முறைப்படி தரையில் அமர்ந்து வயலின் வாசிப்பவர் அதன் தலைப்பை வலப்பாதத்தின்மேல் ஊன்றுகிறார். வாத்தியத்தைத் தாங்கும் சுமை இடக்கைக்கு இல்லாமையால் கமகம் பிடிக்க அக்கை தடையின்றி ஓடுகிறது. வீணை வாசிப்பவருக்கும், குடம் தரையிலும் சுரைக்குடுக்கை இடத்தொடைமீதும் அமர்வதால் இதே நன்மை உண்டு. நம் முன்னோர் தந்த இச்சுதந்திரத்தைத் தோளை உயர்த்தியும் முதுகைக் கூனியும் பல்லைக் கடித்தும் நாம் இழத்தலாகாது. வாசிக்கத் தொடங்குமுன் ஒரு முறை மூச்சை நன்கு விட்டுத் தோளைத் தாழ்த்துக. வலித்தால் நிறுத்துக. வலியைப் பொறுத்தல் சாதகமன்று. அச்சம் வருமாயின் வெட்கப்பட வேண்டா, காஸல்ஸுக்கும் வந்தது. அச்சத்தோடேயே மேடை ஏறுதலும், நாள்தோறும் தவறாது பயிலுதலுமே அவர் கண்ட மருந்து.

பெற்றோர்க்கும் சபையோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் ஆண்டு விழா மேடையில் ஒரு குழந்தை பாதியில் மறந்து நிற்கலாம், வில் நழுவலாம், தந்தி அறலாம். அப்போது முன்வரிசையிலிருந்து குறிப்புக் காட்டாமலும், பின்வரிசையில் நகையாமலும், வியன்னா நகரத்தாரைப் போல் மௌனமாகக் காத்திருப்போமாக. நழுவிய வில் திரும்பக் கைக்கு வரும். குழந்தையும் வாசித்து முடிக்கும்.