காலத்தைப் பேச வைத்தவர்

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக நான் தெரிவு செய்தபோது உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். முஸ்லிம் பிள்ளைக்குப் பாரதக் கதை எதற்கு என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு வாப்பா எனக்கு ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவர்தான் ராஹி மாசூம் ரஸா. பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன்.

வட இந்தியாவின் காஸிப்பூர் மாவட்டத்திலுள்ள கங்கௌலி என்ற கிராமத்தில் 1927ஆம் ஆண்டு ஒரு முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறு வயதில் வந்த நோயினால் ஒரு கால் பாதிக்கப்பட்டது. படிப்பும் சில காலம் தடைப்பட்டது. ஆயினும் அவர் தளரவில்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் உருது இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே கற்பித்தார். நாடு பிரிந்தபோது தன் ஊர் மக்கள் பட்ட வேதனையை 1966இல் ‘ஆதா காவ்ன்’ என்ற நாவலாக எழுதினார். ‘பாதிக் கிராமம்’ என்பது அதன் பொருள்.

பின்னர் பம்பாய்க்குச் சென்று திரைப்படங்களுக்கு வசனம் எழுதலானார். ‘மிலி’ படத்தில் கண்கலங்க வைத்த அதே பேனா ‘கோல்மால்’ படத்தில் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. சிறந்த வசனத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதை அவர் மூன்று முறை பெற்றார்.

எனினும் அவர் பெயரை நிலைக்கச் செய்தது ஒரு தொலைக்காட்சித் தொடர்தான். பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடருக்கு வசனம் எழுத அவர் அழைக்கப்பட்டார். இந்துக்களின் இதிகாசத்தை ஒரு முஸ்லிம் எழுதுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. கங்கைக் கரையில் வளர்ந்து, அந்த நதியைத் தாயாகவே கருதிய அவருக்கு அந்தக் கேள்வி வலித்திருக்கும். ஆனால் அவர் சண்டைக்குப் போகவில்லை; எழுதினார். பண்டித நரேந்திர சர்மா போன்ற அறிஞர்கள் ஆலோசனை வழங்கினர். கதையைச் சொல்ல மனிதர் எவரையும் வைக்காமல், காலத்தையே பேச வைத்தது அத்தொடர். காலத்துக்கு ஏது சாதி, ஏது மதம்?

1988 முதல் 1990 வரை ஞாயிறு காலைகளில் 94 பாகங்களாக அது ஒளிபரப்பானது. அந்நேரத்தில் தெருக்களே வெறிச்சோடின. எதிர்ப்புக் குரல்கள் அடங்கின. அவரது வசனங்கள் வீடுதோறும் ஒலித்தன. 1992 மார்ச் மாதம் அவர் காலமானார்.

பிறருடைய கதையைக் கற்பதால் நம்முடையது எதுவும் குறைந்துவிடாது என்பதை அவரது வாழ்க்கையிலிருந்து படித்துக்கொண்டேன். அந்த உறவினர் மீண்டும் கேட்டால் அவருடைய கதையைச் சொல்வேன். அதுவரை என் தமிழ்ப் புத்தகத்தைத் தயக்கமின்றித் திறக்கிறேன்.