சேலம் நகராட்சியிலிருந்து டில்லி சட்டசபை வரை

செகந்திராபாத்தில் ரயில் ஏறி ஈரோட்டுக்கும் கோவைக்கும் செல்லும் தமிழர்கள் வழியில் சேலத்தைக் கடக்கிறார்கள். அந்த ஊரில், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, நகராட்சி உறுப்பினர் பதவி ஒன்றுக்காக ஒரு வக்கீல் வெள்ளைக்கார அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்தார். வெற்றியும் பெற்றார். அவர்தான் சேலம் விஜயராகவாச்சாரியார்.

வாத்தியார் வக்கீலானார்

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள பொன்விளைந்த களத்தூரில் 1852-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அவர் பிறந்தார். வைதீகக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1875-ல் பட்டம் பெற்றார். மங்களூரிலும் சேலத்திலும் ஆசிரியர் வேலை பார்த்தார். மாதச் சம்பளத்தோடு நின்றுவிட மனம் இடம் தரவில்லை. யாரிடமும் பாடம் கேட்காமல் தாமே சட்டம் படித்துத் தேறினார். 1881-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சேலம் நகராட்சியின் உறுப்பினரானார்.

அந்த 1882-ல்தான் வைஸ்ராய் ரிப்பன் பிரபு, உள்ளூர் ஆட்சியை உள்ளூர் மக்களிடமே விடவேண்டும் என்ற கொள்கையை அறிவித்தார். தெரு விளக்கு, சாக்கடை, குடிநீர் போன்ற காரியங்களில் இந்தியர் பழகினால் பெரிய பொறுப்புகளுக்கும் தகுதி பெறுவார்கள் என்பது அவர் எண்ணம்.

பறிபோன பதவி

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சேலத்தில் பெரும் கலவரம் மூண்டது. செவ்வாய்ப்பேட்டையில், ஊர்வலம் செல்லும் பாதையில் இருந்த பள்ளிவாசல் தொடர்பான தகராறு இரு சமூகத்தாரிடையே மோதலாக முடிந்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. கூட்டத்தைத் தூண்டிவிட்டவர் என்று விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டது. முப்பது வயது; தொழில் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தொழிலும் மானமும் ஒரே நாளில் போய்விடும் நிலை.

அவர் அஞ்சவில்லை. வழக்கை நடத்திக் குற்றமற்றவர் என்று விடுதலையானார். தண்டனை பெற்ற மற்றவர்களின் விடுதலைக்காகவும் பாடுபட்டார்.

ஆனால் சென்னை அரசாங்கம் அவரை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. அவரிடம் விளக்கம் கேட்கவே இல்லை. வேறொருவராக இருந்தால், சிறை தப்பியதே போதும் என்று ஒதுங்கியிருப்பார். விஜயராகவாச்சாரியார் விடவில்லை. இந்தியா மந்திரியைப் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார்.

அன்றைய நிலையில் இது சாதாரணக் காரியம் அல்ல. கவர்னர் செய்ததைக் கோர்ட்டு விசாரிக்கலாமா என்பதே கேள்வியாக இருந்தது. விசாரிக்கலாம் என்று 1884-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. அவரை நீக்கிய முறை சரியல்ல என்றும் கூறியது. ஒருவரின் பதவியைப் பறிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற நியாயம் நிலைநாட்டப்பட்டது. ஆபீசிலும் ஆலையிலும் வேலை பார்ப்பவர்கள் இன்று விளக்கம் கேட்கும் நோட்டீசைப் பார்த்துப் பதறுவது உண்டு. அந்த நோட்டீசே இல்லாமல் வேலை போகும் காலமும் ஒன்று இருந்தது என்பதை இந்த வழக்கு நினைவூட்டுகிறது.

சென்னையும் டில்லியும்

இந்த வழக்குகளால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. தென்னாட்டுச் சிங்கம் என்ற பட்டம் வந்தது. 1892-ம் ஆண்டுச் சட்டம் நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் சட்டசபைக்கு ஆள் அனுப்ப வழி செய்திருந்தது. 1895-ல் அவர் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். 1901 வரை அங்கே பணியாற்றினார். 1913 முதல் 1916 வரை வைஸ்ராயின் மத்திய சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். அங்கே வாதாடலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் கடைசிச் சொல் வைஸ்ராயுடையதே. அப்படிப்பட்ட சபையில் பேச, சேலத்தில் பெற்ற அனுபவம் அவருக்குத் துணை நின்றது.

நாக்பூர் மாநாடு

ஐதராபாத்திலிருந்து டில்லி செல்லும் பாதையில் நாக்பூர் வரும். 1920 டிசம்பரில் அங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு விஜயராகவாச்சாரியார் தலைமை வகித்தார். அப்போது அவருக்கு வயது 68. காந்திஜியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. சட்டத்தை நம்பி வளர்ந்தவர் அவர். ஆயினும் அவர் தலைமையில்தான் அந்தத் திட்டத்தை மாநாடு உறுதி செய்தது.

மொழிவாரியாக மாகாணக் காங்கிரஸ் கமிட்டிகளை அமைக்கும் புதிய விதிகளும் அங்கேதான் நிறைவேறின. தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் தனித்தனிக் கமிட்டிகள் என்பது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்ததற்கும், 1956 நவம்பர் 1-ந் தேதி ஐதராபாத் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரானதற்கும் முன்னோடியான ஏற்பாடு அது.

கடைசிக் காலம்

பிற்காலத்தில் காங்கிரசின் போக்கிலிருந்து அவர் விலகி நின்றார். 1931-ல் அகோலாவில் நடந்த இந்து மகாசபை மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அவருடைய அரசியலை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. 1944 ஏப்ரல் 19-ந் தேதி, 91-ம் வயதில் காலமானார். சுதந்திரம் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

சேலத்தில் அவர் பெயரால் ஒரு நினைவு நூலகம் உண்டு. மத்திய சட்டசபை வரை சென்றவரின் பொதுவாழ்வு, அதே ஊரின் நகராட்சியில் ஒரு நாற்காலியில்தான் தொடங்கியது. அந்த நாற்காலியைச் சிறியதென்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.