கல்வித் தொண்டர் அவிநாசிலிங்கம்

உழவும் நெசவும் வணிகமும் ஒருங்கே செழித்தது கொங்கு நாடு. அந்நாட்டில், பெருந்துறைக்குத் தென்மேற்கே அமைந்த திருப்பூரில், 1903-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் தி. சு. அவிநாசிலிங்கம் பிறந்தார். அவருடைய குடும்பம் செல்வம் நிறைந்த வணிகக் குடும்பம். சென்னையில் சட்டம் பயின்று, கோயம்புத்தூரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். பொருளும் புகழும் அவரை எதிர்நோக்கி நின்றன. ஆயினும் அவர் உள்ளம் அவற்றை நாடவில்லை.

இளமையிலேயே இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் அறிவுரைகள் அவரை ஆட்கொண்டன. காந்தியடிகளின் அழைப்பும் அவரை ஈர்த்தது. நாட்டு விடுதலைக்காக நான்கு முறை சிறை சென்றார். திருமணம் செய்து கொள்ளாமல் வாழ்நாள் முழுவதையும் தொண்டுக்கே உரிமையாக்கினார்.

1930-ஆம் ஆண்டில் அவர் கோயம்புத்தூரில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றில் நீர் முகக்கவும், கோயிலுக்குள் செல்லவும் உரிமையின்றி வாடினர். பிற சிறுவரோடு அவர்கள் பிள்ளைகள் அருகமர்ந்து உண்பதைப் பலர் கனவிலும் எண்ணியதில்லை. அத்தகைய நாளில், அப்பிள்ளைகளுக்குத் தம் பள்ளியில் தொடக்கத்திலேயே இடம் அளித்தார் அவிநாசிலிங்கம். ஊரார் வெறுப்புக்கு ஆளாகலாம்; பெற்றோர் தம் மக்களை அனுப்பத் தயங்கலாம்; வளராத பள்ளி முளையிலேயே கருகிப்போகலாம். இவையெல்லாம் அறிந்தும் அவர் பின்வாங்கவில்லை.

பழங்கால குருகுலத்தைப் போல ஆசிரியரும் மாணவரும் அங்கே கூடி வாழ்ந்தனர். எல்லாரும் ஒரே பந்தியில் உண்டனர். தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டனர். துடைப்பம் பிடித்த கை, நாள்தோறும் தெருவைத் துப்புரவு செய்வோரின் உழைப்பை எவ்வாறு இகழும்? மண்ணைக் கொத்திய கை, சோறு அளிக்கும் உழவனை எவ்வாறு மறக்கும்? நன்றியும் இரக்கமும் சொல்லிக் கொடுத்து வருவன அல்ல. பழகி வருவன என்பதே அப்பள்ளியின் நெறி. எல்லாச் சமயங்களும் இறைவனை அடையும் வழிகளே என்னும் இராமகிருஷ்ணரின் கொள்கை, பிறர் வழிபாட்டையும் மதிக்க மாணவரைப் பழக்கியது.

1934-ஆம் ஆண்டு தீண்டாமையை எதிர்த்துச் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் இவ்வித்தியாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். சிறியதாகத் தோன்றிய அந்நிலையம், பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் கொண்ட பெருமரமாக வளர்ந்தது.

1946 முதல் 1949 வரை சென்னை மாநிலக் கல்வி அமைச்சராக அவர் பணியாற்றினார். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வாயிலாகப் பாடம் கற்பிக்க வழி செய்தார். திருக்குறளைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தார். அன்புடைமை, செய்ந்நன்றியறிதல், பொறையுடைமை முதலிய அதிகாரங்கள் இளம் உள்ளங்களில் பதிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

தமிழில் உலக அறிவு முழுவதும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி, 1946-ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரனும் ஈரோட்டுப் பகுதியில் பிறந்தவரே. வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவரே. பின்னர்க் குழந்தைகளுக்கென்றே தனியாகப் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பெண்கள் கல்வி பெறுவதற்காகக் கோயம்புத்தூரில் 1957-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய மனையியல் கல்லூரி, 1988-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

1970-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1991-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் இயற்கை எய்தினார்.

செல்வர் வீட்டில் பிறந்தவர், செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பெருமை மிக்க பதவியில் இருந்தவர், அதனையும் தொண்டுக்கே பயன்படுத்தினார். ஆயினும் அவர் செய்த செயல்களுள் தலையாயது, வேற்றுமை பாராட்டிய காலத்தில் சிறுவர்களை ஒன்றாக அமர்த்தி உண்ணச் செய்ததே ஆகும். பக்கத்தில் இருப்பவனை உடன்பிறந்தானாக எண்ணும் பிள்ளையே கற்ற பிள்ளை என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.